பழைய வீடுகளின் ஈயம்: தேடும் கருவிகளும் அகற்றும் கைகளும்

அமெரிக்காவில் 1978க்கு முன் கட்டப்பட்ட வீடு என்றாலே அதன் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்று கொள்வதுதான் அந்நாட்டு வழக்கம். வீட்டுப் பெயின்ட்டில் எடைக்கணக்கில் 0.06 சதவீதத்துக்கு மேல் ஈயம் கூடாது என்ற தடை அந்த ஆண்டில் வந்தது. அதற்கு முன்பு வெள்ளை ஈயம் எனப்படும் ஈயக் கார்பனேட், பெயின்ட்டின் முக்கியக் கூட்டுப்பொருள்களில் ஒன்று. நன்றாகப் பிடிக்கும், மழைக்குக் கரையாது, வெள்ளை நிறம் பளிச்சென்று நிற்கும். 1940க்கு முன் எழுந்த வீடுகளில் பத்தில் ஒன்பதுக்கு அருகில் ஈயப் பெயின்ட் ஏதோ ஒரு மூலையில் இருப்பதாக மதிப்பீடு. மேலே பத்து முறை புதிய பெயின்ட் அடித்தாலும் அடியில் உள்ள பூச்சு அங்கேயேதான் இருக்கும். அந்நாட்டு வீட்டுவசதித் துறை 2018-19இல் எடுத்த கணக்கெடுப்பு, சுமார் மூன்றரைக் கோடி வீடுகளில் இன்னும் ஈயப் பெயின்ட் இருப்பதாகச் சொன்னது.

சுவரில் ஒட்டியிருக்கும்வரை ஈயம் யாரையும் ஒன்றும் செய்வதில்லை. உரிந்து, உதிர்ந்து, தூளானால்தான் ஆபத்து. பழைய அமெரிக்க வீடுகளில் மேலும் கீழும் நகர்த்தித் திறக்கும் மர ஜன்னல்கள் அதிகம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சட்டமும் சட்டமும் உரசி, கண்ணுக்குத் தெரியாத தூசி ஜன்னல் திட்டில் விழுகிறது. தவழும் குழந்தை அதே திட்டைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கும். பிறகு கை வாய்க்குப் போகும். உட்கொண்ட ஈயத்தில் பெரியவர் உடல் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஈர்த்துக்கொள்கிறது என்றால், சிறு குழந்தையின் உடல் பாதிவரை ஈர்த்துவிடும். கால்சியம் என்று ஏமாந்து உடல் அதை எலும்பில் சேர்த்து வைக்கிறது. வளரும் மூளைக்குள்ளும் விடுகிறது.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி அல்ல. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன், குழந்தைகளின் ஈய நஞ்சுக்கு வீட்டுத் தாழ்வாரக் கைப்பிடியின் பெயின்ட்தான் காரணம் என்று 1904லேயே எழுதிவிட்டார். 1979இல் ஹெர்பர்ட் நீடில்மன் பாஸ்டன் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து ஈயத்தை அளந்தார். வெளிப்படையான நோய் எதுவும் இல்லாத பிள்ளைகளிலும், பல்லில் ஈயம் கூடுதலாக இருந்தவர்களின் அறிவுத்திறனும் கவனமும் குறைந்திருந்தன. அதன்பின் "எவ்வளவு இருந்தால் ஆபத்து" என்ற எல்லை இறங்கிக்கொண்டே வந்தது. 1960களில் ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 60 மைக்ரோகிராம்வரை பொறுத்துக்கொண்டார்கள். 1991இல் அது 10 ஆனது, 2012இல் 5, 2021இல் 3.5. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இருப்பதாக இப்போது யாரும் சொல்வதில்லை.

பல பத்தாண்டுகளாக இந்த நஞ்சைக் கண்டுபிடித்த முறையில் ஒரு கோணல் இருந்தது. முதலில் குழந்தையின் இரத்தத்தைச் சோதிப்பார்கள். ஈயம் கூடுதலாக இருந்தால்தான் சுகாதார அதிகாரி அந்த வீட்டுக்குப் போவார். அதாவது வீட்டின் நிலையை அறிய உதவிய அளவுகோல், குழந்தையின் உடல். பால்டிமோர் நகரில் 1990களில் கென்னடி கிரீகர் நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது: எவ்வளவு செலவில் பழுதுபார்த்தால் எவ்வளவு ஈயம் குறையும் என்று பார்க்க, வெவ்வேறு அளவில் சீர்செய்த வீடுகளில் குழந்தைகளோடு குடும்பங்கள் இருந்தன, தூசியும் குழந்தைகளின் இரத்தமும் அளக்கப்பட்டன. 2001இல் அந்நகரம் அமைந்த மேரிலாந்து மாநிலத்தின் உயர்மட்ட நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்து, சுரங்கத்தில் நச்சுக்காற்றை அறியக் கொண்டுபோகும் கேனரிப் பறவைகளை நினைவூட்டியது. தொழில்நுட்பம் இந்தத் துறையில் செய்திருக்கும் உருப்படியான வேலையை ஒரே வரியில் சொல்லலாம்: குழந்தைக்கு முன்னால் வீட்டைச் சோதிக்க வழி செய்தது.

அந்த வேலைக்கான முதன்மைக் கருவி எக்ஸ்-கதிர் ஒளிர்வுமானி. துளைபோடும் டிரில் இயந்திரம் அளவுக்குத்தான் இருக்கும். ஆங்கில முதலெழுத்துகளால் 'எக்ஸ்ஆர்எஃப்' என்பார்கள். சுவரோடு அழுத்திப் பிடித்து விசையைத் தட்டினால் எக்ஸ்-கதிர் பாய்கிறது. அது அணுவின் உட்கூட்டில் உள்ள எலக்ட்ரானைத் தட்டிவிடும். அந்தக் காலி இடத்துக்கு வெளிக்கூட்டு எலக்ட்ரான் இறங்கும்போது, அந்தத் தனிமத்துக்கே உரிய ஆற்றலில் வேறொரு எக்ஸ்-கதிர் வெளிவரும். ஈயத்திடமிருந்து இரண்டு வகைக் கதிர்கள் கிடைக்கின்றன. ஒன்று வலுவற்றது, மேலே அடித்திருக்கும் புதிய பூச்சுகளே அதைத் தடுத்துவிடும். மற்றது ஏறக்குறைய ஏழு மடங்கு ஆற்றல் உடையது. எத்தனை அடுக்குக்கு அடியில் இருந்தாலும் வெளியே வந்துவிடும். இரண்டையும் ஒப்பிட்டால் ஈயம் மேல்பூச்சில் இருக்கிறதா, ஆழத்தில் புதைந்திருக்கிறதா என்றுகூட ஊகிக்கலாம். சுவரைச் சுரண்ட வேண்டாம், ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டாம். சில விநாடிகளில் எண் திரையில் வந்துவிடும். சில கருவிகளில் எக்ஸ்-கதிர்க் குழாய்க்குப் பதில் காட்மியம்-109 போன்ற கதிரியக்கப் பொருள் உண்டு. அது நாள்பட வலுவிழப்பதால் ஒவ்வோர் அளவீடும் நீளும், கடைசியில் பொருளையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஆய்வாளரின் வேலைமுறையும் கருவி அளவுக்கு முக்கியம். தெருவைப் பார்த்த பக்கத்துச் சுவருக்கு 'ஏ' என்று பெயர். அங்கிருந்து கடிகாரச் சுற்றில் 'பி', 'சி', 'டி'. ஒவ்வோர் அறையிலும் சுவர், கதவு, நிலை, ஜன்னல் சட்டம், திட்டு, அடிப்பலகை என்று தனித்தனியாகப் பிடித்துப் பார்ப்பார். ஒரே அறையில் சுவர் சுத்தமாக இருந்து ஜன்னல் மட்டும் ஈயமாக இருப்பது சாதாரணம். தொடங்கும்போதும் முடிக்கும்போதும், ஈய அளவு முன்பே தெரிந்த மாதிரித் தகட்டில் கருவியைச் சரிபார்க்க வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டரில் 1 மில்லிகிராம் ஈயம் இருந்தால் அது ஈயப் பெயின்ட் என்பது 1992ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின் வரையறை. நியூயார்க் நகரம் 2021 டிசம்பரில் அதைப் பாதியாக்கியது.

கருவி இல்லாதவர்கள் கடையில் வாங்கும் சோதனைக் குச்சிகளும் இருக்கின்றன. ஈரப்படுத்தித் தேய்த்தால் நிறம் மாறும். விலை மலிவு, ஆனால் மேல்பூச்சுக்கு அடியில் இருப்பதை இவை காணா, சில வேளை இல்லாத ஈயத்தையும் இருப்பதாகக் காட்டிவிடும். ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஆமோல்ஃப் ஆய்வு நிறுவனத்தார் உருவாக்கிய முறை சுவாரசியமானது. அவர்களுடைய திரவத்தைத் தெளித்தால் அது ஈயத்தோடு சேர்ந்து பெரோவ்ஸ்கைட் என்ற படிகமாகிறது; புறஊதா விளக்கை அடித்ததும் ஈயம் உள்ள இடம் பச்சையாக ஒளிர்கிறது. தூசி எங்கெங்கே பரவியிருக்கிறது என்பது அப்படியே கண்ணுக்குத் தெரியும்.

பெயின்ட்டைவிடத் தூசிதான் குழந்தையின் கைக்கு எட்டுவது என்பதால், துடைப்புச் சோதனைக்குத் தனி இடம் உண்டு. ஒரு சதுர அடித் தரையை ஈரத்துணியால் முறைப்படி துடைத்து, துணியை ஆய்வகத்துக்கு அனுப்பி ஈயத்தை அளக்கிறார்கள். ஒரு சதுர அடியில் 40 மைக்ரோகிராம் என்று 2001இல் இருந்த தரைக்கான எல்லை 2019இல் 10 ஆனது. சீர்செய்த வீட்டின் தரைக்கு 2024ஆம் ஆண்டு விதி வைத்த எல்லை 5. இதன் கடுமை ஒரு சிறு கணக்கில் புரியும். மேலே சொன்ன 1 மில்லிகிராம் வரையறையைச் சரியாகத் தொடும் பெயின்ட், ஒரு சதுர அடி மட்டும் இருந்தாலே அதில் கிட்டத்தட்ட 1 கிராம் ஈயம் உண்டு. அது தூளாகிச் சீராகப் பரவினால் ஏறக்குறைய 2 லட்சம் சதுர அடித் தரையை எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு ஜன்னலை உலர்வாகத் தேய்த்தவர் வீடு முழுவதையும் கெடுத்துவிட முடிவது இதனால்தான்.

கருவி கையில் இருந்தும் பல வீடுகள் சோதிக்கப்படாமல் கிடந்ததற்குக் காரணம் அறிவியலில் இல்லை. வீட்டை விற்பவரோ வாடகைக்கு விடுபவரோ, அங்கே ஈயம் இருப்பது தமக்குத் தெரிந்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்பது 1996இல் நடைமுறைக்கு வந்த விதி. தெரியாவிட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. ஆகவே சோதிக்காமல் இருப்பதே உரிமையாளருக்கு லாபம் என்றாகிவிட்டது; நல்ல எண்ணத்தோடு எழுதிய விதி அறியாமைக்குப் பரிசு கொடுத்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை குடியிருந்தால் உரிமையாளர் ஈயத்தை நீக்கித் தர வேண்டும். அங்கே சிலர் குழந்தை உள்ள குடும்பங்களுக்கு வீடு தருவதையே தவிர்த்தார்கள். அதைத் தடுக்கச் சட்டத்தில் இன்னொரு பிரிவு வேண்டியிருந்தது.

இந்த முடிச்சை அவிழ்த்த ஊர்களில் ஒன்று நியூயார்க் மாநிலத்தின் ராச்சஸ்டர். 2005இல் இயற்றி 2006இல் நடைமுறைக்கு வந்த அதன் உள்ளூர்ச் சட்டப்படி, வாடகை வீடுகளை நகராட்சி குறித்த காலத்தில் தானே வந்து பார்க்கும். ஆபத்து அதிகமுள்ள பகுதிகளில் துடைப்புச் சோதனையும் எடுக்கும். யாரும் புகார் கொடுக்க வேண்டியதில்லை, எந்தக் குழந்தையும் முதலில் பாதிக்கப்பட வேண்டியதில்லை. அங்கே குழந்தைகளின் இரத்த ஈய அளவு அதன்பின் வெகுவாக இறங்கியது. நியூயார்க் நகரம் இன்னொரு வழியில் போனது: பழைய வாடகைக் கட்டடங்களை உரிமையாளர்கள் 2025 ஆகஸ்டுக்குள் சார்பற்ற ஆய்வாளரைக் கொண்டு எக்ஸ்-கதிர்க் கருவியால் சோதித்திருக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டுச் சட்டம் கெடு வைத்தது. "எனக்குத் தெரியாது" என்ற பதிலுக்கு அத்தோடு இடமில்லாமல் போயிற்று.

ஆய்வாளர்களின் எண்ணிக்கை எந்த நகரத்திலும் போதாது. எந்த வீட்டுக்கு முதலில் போவது? சிகாகோவின் பொதுச் சுகாதாரத் துறையும் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து இதற்குக் கணினியை நாடினார்கள். பல ஆண்டு இரத்தப் பரிசோதனை முடிவுகள், முந்தைய வீட்டு ஆய்வுகள், கட்டடத்தின் வயது, நிலை, அப்பகுதியின் மக்கள்தொகை விவரம் ஆகியவற்றை முகவரி வாரியாக இணைத்தார்கள். இவற்றிலிருந்து கற்றுக்கொள்ளும் நிரல், எந்த முகவரியில் வாழும் குழந்தை பாதிக்கப்பட வாய்ப்பு அதிகம் என்று மதிப்பிட்டது. 2015இல் வெளிவந்த இந்த ஆய்வின் நோக்கம், குழந்தை தவழத் தொடங்குமுன் வீட்டுக்குப் போய்விடுவது. இத்தகைய நிரலுக்கு ஓர் இயல்பான குறை உண்டு. சோதிக்கப்பட்ட குழந்தைகளிடமிருந்துதான் அது பாடம் கற்கிறது. மருத்துவரிடமே போகாத குடும்பம் அதன் கணக்கில் வராது, அப்படிப்பட்ட குடும்பம்தான் பெரும்பாலும் மோசமான வீட்டில் இருக்கும்.

பெயின்ட்டுக்கு அடுத்து குழாய். தெருவின் பெரிய குடிநீர்க் குழாயிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்புக் குழாயை ஈயத்தில் செய்வது நெடுங்கால வழக்கம்; சிகாகோவில் 1986இல் நாடு முழுவதும் தடை வரும்வரை அதுவே கட்டாயமாக இருந்தது. தண்ணீரில் பாஸ்பேட் சேர்த்தால் குழாயின் உட்புறத்தில் மெல்லிய படலம் படிந்து ஈயம் கரையாமல் காக்கும். மிச்சிகனின் ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறியபோது இந்தப் பாதுகாப்பைச் சேர்க்கவில்லை. படலம் அரிக்கப்பட்டு, ஈயம் குடிநீரில் கலந்தது. குழந்தைகள் மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கொண்டு 2015இல் அதை வெளிப்படுத்தினார். இங்கும் குழந்தைகளின் இரத்தமே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

ஈயக் குழாய்கள் அனைத்தையும் மாற்றுவது என்று முடிவானதும் அடிப்படையான கேள்வி எழுந்தது: அவை எங்கே இருக்கின்றன? மண்ணுக்கடியில் இருப்பதால் எக்ஸ்-கதிர்க் கருவி உதவாது. நகராட்சியிடம் இருந்தவை கையால் எழுதிய சிறு அட்டைகளும் குறிப்பு எழுதிய பழைய வரைபடங்களும். அவற்றைக் கணினியில் ஏற்றிப் பார்த்தபோது பலவற்றில் விவரமே இல்லை. செம்பு என்று எழுதியிருந்த இடத்தைத் தோண்டினால் ஈயம் வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜேக்கப் அபர்னதி, எரிக் ஷ்வார்ட்ஸ் ஆகியோர் வீடு கட்டிய ஆண்டு, அதன் மதிப்பு, இருக்கும் இடம், பழைய பதிவுகள் இவற்றோடு ஒவ்வொரு நாளும் தோண்டிக் கண்டதையும் சேர்த்து ஒரு நிரலுக்குக் கற்பித்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஈயக் குழாய் இருக்கும் வாய்ப்பை அது எண்ணாகச் சொல்லும். தோண்டத் தோண்டக் கணிப்பு கூர்மையாகும். ஈயம் இருக்கும் என்று நம்பும் இடங்களை மட்டும் தோண்டினால் நிரலின் அறிவு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும் என்பதால், ஐயமுள்ள இடங்களிலும் சில குழிகள் தேவைப்பட்டன. முழுப் பள்ளம் வெட்டாமல், நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து உறிஞ்சும் இயந்திரத்தால் சிறு துளை போட்டு எட்டிப் பார்த்தார்கள்.

2017இல் 8,833 வீடுகளில் தோண்டியதில் 6,228இல் மாற்ற வேண்டிய குழாய் கிடைத்தது. பத்தில் ஏழு. அதற்குப்பின் நடந்தது, இத்தகைய திட்டங்களை நினைப்பவர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய பாடம். 2018இல் வேலையை மேற்பார்க்க ஒரு பெரிய நிறுவனம் வந்தது. பக்கத்து வீட்டில் தோண்டினீர்கள், என் வீட்டை ஏன் விட்டீர்கள் என்று மக்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்லியே நஞ்சு குடிக்க வைத்த நிர்வாகம், "கணினி சொல்கிறது, உங்கள் வீட்டில் இருக்காது" என்றால் யார் நம்புவார்கள்? நிரலை ஓரங்கட்டிவிட்டு வட்டாரம் வட்டாரமாக, வீடு விடாமல் தோண்டினார்கள். அந்த ஆண்டு 10,531 இடங்களில் தோண்டி 1,567இல் மட்டுமே ஈயக் குழாய் கிடைத்தது, நூற்றுக்குப் பதினைந்து. பணமும் காலமும் செம்புக் குழாய்களைப் பார்த்துவிட்டு மூடுவதில் கரைந்தன. ஈயக் குழாய் உள்ளவர்கள் இன்னும் சில மாதங்கள் காத்திருந்தார்கள். 2019இல் ஒரு வழக்கின் வழியாக நிரல் திரும்ப வந்தது. மக்களின் கேள்வி தவறில்லை. கணிப்பை அவர்களுக்கு விளக்கவும், இல்லை என்று கணித்த வீட்டையும் கடைசியில் திறந்து பார்ப்போம் என்று உறுதி சொல்லவும் தவறியதுதான் குறை. ஃபிளின்ட்டில் கிட்டத்தட்ட 11,000 குழாய்களை மாற்றி வேலை முடிந்ததாக 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. அதற்குள் அதே வகைக் கணிப்பு மற்ற நகரங்களுக்கும் போயிருந்தது. நாட்டின் குடிநீர் அமைப்புகள் அனைத்தும் தங்கள் இணைப்புக் குழாய்களின் பட்டியலை 2024 அக்டோபருக்குள் தர வேண்டும் என்ற கூட்டாட்சி விதி அதற்கு வேகம் கொடுத்தது.

தேடுவதில் இவ்வளவு புதுமை வந்தும், அகற்றும் வேலை பெரும்பாலும் கைவேலையாகவே இருக்கிறது. ஈயப் பெயின்ட்டுக்கு வழிகள் நான்கு. உரசும் ஜன்னலையும் கதவையும் கழற்றிப் புதிது வைக்கலாம். சுவரைப் பலகையால் மூடிவிடலாம். தடித்த சிறப்புப் பூச்சால் அடைத்துவிடலாம். இது மலிவு, ஆனால் அவ்வப்போது விரிசல் பார்க்க வேண்டும். முழுவதும் சுரண்டி எடுக்கலாம். அதுதான் கடினம், தவறாகச் செய்தால் ஆபத்தும் அதில்தான். தீச்சுடரால் சுட்டு உரிப்பதும், தூசியை உறிஞ்சும் ஏற்பாடு இல்லாமல் இயந்திரத்தால் தேய்ப்பதும் தடை செய்யப்பட்டவை. அறையைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, பரப்பை நனைத்து, நனைந்தபடியே சுரண்ட வேண்டும். பிறகு 0.3 மைக்ரான் துகளிலும் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்திய உறிஞ்சியால் எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, மறுபடி உறிஞ்ச வேண்டும். தூசி படிய ஒரு மணி நேரமாவது விட்டு, வேலை செய்தவரோடு தொடர்பில்லாத ஒருவர் துடைப்புச் சோதனை எடுப்பார். எல்லைக்குக் கீழே வராவிட்டால் திரும்பவும் சுத்தம் செய்ய வேண்டும். அதுவரை குடும்பம் உள்ளே வரக் கூடாது.

இந்தியாவுக்கு வந்தால், வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அது கடையில் விற்கும் டப்பாவுக்கான விதி. அதற்கு முன்பே சுவரேறிவிட்ட பெயின்ட்டை அது தொடாது. சுண்ணாம்பு அடித்த சுவரைப் பற்றிக் கவலையில்லை. கதவு, ஜன்னல், கிரில் கம்பிகளில் பல ஆண்டுகளாக அடுக்கடுக்காக ஏறியிருக்கும் பழைய எனாமல், குறிப்பாக மஞ்சளும் சிவப்பும், கவனிக்க வேண்டியது. அந்த நிறங்களுக்கு ஈயக் குரோமேட் பயன்பட்டது. பண்டிகைக்கு முன் பெயின்ட் அடிக்க வருபவர்கள் பழையதை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்ப்பது வழக்கம். வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்க்கச் சொல்வதும், அந்த நாளில் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டுக்கு அனுப்புவதும், விழுந்த தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றியெடுத்துக் கட்டிப் போடுவதும் கருவி எதுவும் கேட்காத வேலைகள்.